தேன்பெட்டிக்குக் காவல்

இரவு இரண்டு மணி. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் டோர்ச் லைட்டும் மறு கையில் ஈர்க்குமாகத் தேன்பெட்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறேன். பெட்டி வாசலில் ஒரு தேனீ அசையாமல் நிற்கிறது. செத்துவிட்டதோ என்று ஈர்க்கால் மெதுவாகத் தொட்டேன். தொங்கிப்போயிருந்த உணர்கொம்புகள் இரண்டும் மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்தன. கடைசி வாங்கில் தூங்குகிற பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை நிமிருமே, அதே நிமிர்வு. ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்ற திருப்தியில் பெட்டியிலும் இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளே 'உஸ்ஸ்' என்று ஓர் அலை எழுந்து அடங்கியது.

ஜன்னலுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னாங்க, அதுகளைக் கொஞ்சம் தூங்க விடுங்களேன்."

நான் சிரித்தேன். பூச்சியாவது, தூங்குவதாவது! பதினெட்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார் நான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தேன்பெட்டி வந்த கதையைச் சொன்னால்தான் மானம் முழுதாகப் போகும். 2022இல் நாடு படுத்துவிட்டபோது மொனராகலையில் ஆளாளுக்கு ஒரு யோசனை பிறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மரவள்ளி நட்டார், எதிர்வீட்டு அக்கா கோழி வளர்த்தார். என் கண்ணில் பட்டது சீனி விலை மட்டும்தான். பெல்வத்தையிலும் செவனகலையிலும் சீனி ஆலை வைத்திருக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு பிளேன்டீக்கு நாக்கைத் தொட்டுக்கொள்வதா? தேனீ வளர்ப்போம், சீனியை ஒழிப்போம் என்று சாப்பாட்டு மேசையில் பிரகடனம் செய்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். மனைவி பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஊவாவில் தேனீ என்றால் பண்டாரவளைக்குத்தான் போக வேண்டும். அங்கே பிந்துனுவெவையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்குத் தேன் நினைவுக்கு வராது, 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் அங்கிருந்த முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டதுதான் வரும். பெயர்ப் பலகையைக் கண்டதும் பஸ்ஸுக்குள் நானும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு வாழ்க்கை தேனீக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

காலை வகுப்பு அருமையாக இருந்தது. இறப்பர் மரம் இலை கொட்டித் துளிர்விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேர்கிற இடத்தில் இருக்கும் சின்னச் சுரப்பிகள் இனிப்பைக் கசியவிடும், பூவே இல்லாமல் தேன் வரும் என்று அங்கேதான் கேட்டேன். என் அப்பா இருபத்தைந்து வருடம் இறப்பர் பால் வெட்டியவர். அந்த மரத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பாலும் கறையும்தான் வந்தன, தேன் வரும் என்று ஒருவரும் சொன்னதில்லை. பரவசத்தோடு கொப்பியில் எழுதிக்கொண்டேன். மத்தியானம் சோறும் பருப்பும் கொடுத்தார்கள். முதல் நாள் இரவு முழுக்கப் பயணச் சந்தோஷத்தில் கண் மூடாதவன் நான். சாப்பாட்டுக்குப் பிறகு என் கொப்பியில் இருப்பது ஒரே ஒரு கோடு. பேனை கையிலிருந்து நழுவும்போது இழுத்த கோடு. அந்த ஒன்றரை மணிநேரத்தில் மெழுகு அந்தைப் பற்றியும் தேனீக்களின் மற்ற எதிரிகளைப் பற்றியும் சொன்னார்களாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பசறைக்காரர் பிறகு சொன்னார். "நீங்க குறட்டை விட்டீங்க சேர், தேனீ சத்தம்னு நெனச்சோம்" என்றும் சொன்னார்.

பெட்டி வந்தது. எங்கே வைப்பது? முற்றத்து மூலையில், மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நிழலாக ஓர் இடம் இருந்தது. ஆனால் அங்கே வைத்தால் என் கண்பார்வையில் இருக்காதே. விறாந்தை ஓரமாக, வாசல் பல்புக்குக் கீழே வைத்தேன். எறும்பு ஏறாமலிருக்கக் கால்கள் நான்கையும் தண்ணீர் டின்னுக்குள் இறக்கினேன். அது ஒன்றுதான் நான் செய்த சரியான வேலை. மரநாய் வந்தால் தெரிய வேண்டும் என்று பல்பை இரவு முழுக்க எரியவிட்டேன். பல்புக்கு விட்டில் வந்தது, விட்டிலுக்குப் பல்லி வந்தது, கீழே விழுகிறதைப் பொறுக்கத் தேரை வந்தது. மூன்றாம் நாள் அந்தத் தேரை பெட்டி வாசலடியில் நிரந்தரமாகக் குடியேறி, விடிகாலையில் வெளியே வருகிற தேனீக்களை ஒவ்வொன்றாக நக்கி எடுத்துக்கொண்டிருந்தது. மரநாய் கடைசிவரை வரவில்லை.

அப்பாவின் பழக்கம் எனக்கு வந்திருந்தால் இந்த வினையே இல்லை. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் சிரட்டையில் விழுவது குறையும் என்று அவர் விடியுமுன் மரத்தடியில் நிற்பார். அதற்காக இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவார். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் கல்யாணம் நடந்தாலும் சரி, எட்டு மணி என்றால் எட்டு மணி. அவருக்குப் பிறந்த நான் பன்னிரண்டு மணிக்கு முன் படுத்ததில்லை. படுத்தாலும் கைப்பேசி விடுவதில்லை. அதில் அலுப்புத் தட்டும்போது தேன்பெட்டி இருக்கவே இருக்கிறது. இரவுக்கு மூன்று ரோந்து: பதினொன்று, இரண்டு, நாலரை.

'தூங்க விடுங்களேன்' என்று மனைவி சொன்ன அந்த வார்த்தை முள்மாதிரி உள்ளே நின்றது. அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் படிக்கத் தொடங்கினேன். ஆராய்ச்சியில் இறங்குகிற கணவன்மாரின் வழக்கமான நோக்கம்.

முதல் அடி ஜெர்மனியிலிருந்து விழுந்தது. வால்டர் கைஸர் என்பவர் 1988இலேயே எழுதிவிட்டார்: வெளியே இரை தேடும் தேனீக்கள் இரவில் தூங்குகின்றன, தூங்கும்போது கழுத்துத் தளர்ந்து உணர்கொம்புகள் தொங்குகின்றன. நான் ஈர்க்கால் குத்தியது அப்படித் தொங்கிய கொம்பைத்தான்! பழ ஈக்கும் தூக்கம் உண்டு என்று 2000இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. ஈ ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் அதைத் தூக்கக் கணக்கில் சேர்ப்பது அதற்குப் பிறகு வழக்கமாகிவிட்டது. தூங்கவிடாமல் ஆட்டினால், அடுத்த நாள் விட்ட தூக்கத்தை அது ஈடுகட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் செய்வதைத்தான்.

இரண்டாவது அடி பலமானது. பரெட் க்ளைன் என்ற அமெரிக்கர் தேனீக்களின் முதுகில் சின்ன எஃகுத் துண்டை ஒட்டி, கூட்டின் இரு பக்கமும் காந்தங்களை ஓடவிட்டார். இரவு முழுக்க நிமிடத்துக்கு மூன்று தரம் அந்தத் தேனீக்கள் மட்டும் உலுக்கப்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்க வேறு சில தேனீக்களுக்குக் காந்தம் இழுக்காத செம்பை ஒட்டியிருந்தார். தேனீ பூ இருக்கும் திசையை ஆடித்தானே மற்றத் தேனீக்களுக்குச் சொல்லும்? தூக்கம் கெட்ட தேனீக்களின் ஆட்டத்தில் அடுத்த நாள் திசை பிசகியது. 2010இல் வந்த ஆய்வு. ஓர் அறிவாளி கருவி செய்து, காந்தம் வாங்கி, எஃகு ஒட்டிச் செய்த வேலையை நான் இரண்டு விரல் முட்டியால் மொனராகலையில் இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஆனாலும் திசைதானே பிசகும், உயிருக்கு என்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் சிற்றுண்ணிக் கதை கண்ணில் பட்டது.

சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் மிக்கல் பொலாக் என்பவர் நீண்ட காலமாகப் பழ ஈக்களையும் அவற்றின் உடம்பில் ஏறி இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணிகளையும் ஆராய்பவர். (பூச்சிக்கு இருப்பது நம்மைப்போல் சிவப்பு இரத்தம் இல்லைதான். ஆனால் குடிக்கிறவனுக்கு நிறம் முக்கியமா?) அந்த ஈக்கு உண்ணியிடமிருந்து தப்ப மருந்தோ மந்திரமோ கிடையாது. உண்ணி காலில் ஏறினால் உதறும், உதைக்கும், துடைத்துத் தள்ளும், படக்கென்று பறந்துவிடும். உடம்பில் தெம்பு இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். களைத்துப்போன ஈ தோற்றுப்போகும் என்பது முன்பே தெரிந்ததுதான். இப்போது, தூங்கவிடாமல் கெடுத்த ஈக்களின் மீது உண்ணி கூடுதலாக ஏறுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு ஆய்வுக்கூடம் நினைவுக்கு வரவில்லை, அட்டைதான் நினைவுக்கு வந்தது. போன மார்கழி மழையில் நானும் கூடப் படிப்பிக்கிற ஒரு சேரும் மரகல மலையடிவாரத்து இறப்பர் காட்டுக்குள் நடந்தோம். அவர் ஒன்பது மணிக்குப் படுத்து எழுந்து வந்தவர். நான் மூன்று ரோந்து முடித்து வந்தவன். வழி நெடுக அவர் குனிந்து குனிந்து காலைப் பார்த்தார், விரலால் சுண்டினார், சப்பாத்தைத் தட்டினார். நான் தூக்கக் கலக்கத்தில் அவருக்கு நாட்டு அரசியலை விளக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் அவருக்கு இரண்டு, எனக்குப் பதினொன்று. ஒன்று தொப்புளில். அன்றைக்கு என் இரத்தம் இனிப்பு என்று எல்லாரிடமும் பெருமை பேசினேன். உதறத் தெம்பில்லாத ஈ என்று பொலாக்கின் ஆட்கள் என்னை ஒரு வரியில் எழுதி முடித்திருப்பார்கள்.

வீம்பு அவ்வளவு சீக்கிரம் சாகாது. எனக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்காதா என்று இன்னும் தேடினேன். கிடைத்தது! பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் குவோவும் வில்லியம்ஸும் 2014இல் வெளியிட்டது. ஈக்களை முதலில் தூங்கவிடாமல் கெடுத்து, பிறகு பக்டீரியாவைத் தொற்றவைத்தார்கள். கெட்ட தூக்கக்காரர்கள் அதிகம் செத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அவைதான் நன்றாகத் தாக்குப்பிடித்தன. கொப்பியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். "பாத்தியா? முழிச்சிருந்தா நோயை எதிர்க்கிற சக்தி கூடுதாம்!"

அவள் மாவு பிசைந்த கையோடு முழுவதையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். தூக்கம் கெட்ட ஈக்கள் நோய் வந்த பிறகு மற்றவற்றைவிட அதிகமாகத் தூங்கின என்று இருந்தது.

"அப்ப பொறவு தூங்கினதாலதானே பொழைச்சிச்சு?" என்றாள். ரொட்டி கல்லில் விழுந்தது.

அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல் வந்த செய்தியை அவளுக்குச் சொல்லாமலே மறைத்துவிட்டேன். ஈயின் மூளையில் ஒரு மரபணு. அது வேலை செய்தால் ஈக்குத் தூக்கமும் வரும், கிருமியைக் கொல்லும் பொருளும் சுரக்கும். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். அதற்கு 'நெமுரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஜப்பானிய மொழியில் தூக்கம். இதைச் சொன்னால் அந்தப் பெயரையே எனக்குப் பட்டப்பெயராக்கிவிடுவாள் என்று தெரியும்.

நுளம்பைப் பற்றி மட்டும் சொன்னேன். அதே சின்சினாட்டியில் பெனோவா என்பவரின் ஆட்கள், தூக்கம் கெட்ட நுளம்பு கடிக்க வருவதைவிட ஒதுங்கித் தூங்கத்தான் பார்க்கிறது என்று 2022இல் காட்டியிருக்கிறார்கள். "அப்ப ராத்திரியில நீங்க நுளம்புக்கும் லைட் அடிங்க" என்றாள். அந்த வீட்டில் விஞ்ஞானம் படிப்பிக்க வேண்டியது யார் என்று எனக்குச் சந்தேகம் வந்த நாள் அது.

திருந்தினேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தேனீக்குச் சிவப்பு நிறம் தெரியாது என்று எங்கேயோ படித்துவிட்டு, மிச்சமிருந்த வெசாக் கூட்டுத் தாளில் சிவப்பைக் கிழித்து டோர்ச் முகத்தில் கட்டினேன். இனிமேல் அவற்றின் தூக்கம் கெடாது, ரோந்து தொடரலாம்! வெளிச்சம் சிவப்பானது சரி. பெட்டியைத் தட்டுகிற பழக்கம் போகவில்லையே. மூன்றாம் இரவு, தாளுக்குள் சூடு ஏறிக் கருகல் மணம் வந்ததும் அந்த ஆராய்ச்சியும் முடிந்தது.

ஆடிக் காற்று தொடங்கியது. காய்ந்த காற்று, பூ கிடையாது. அந்த மாதங்களில் கூட்டுக்குச் சீனிப் பாணி வைக்க வேண்டும். ஆம், சீனிப் பாணி. சீனியை ஒழிக்கக் கொண்டுவந்த தேனீக்காகக் கடையில் ஒரு கிலோ சீனி கேட்டபோது முதலாளி "சேர் வீட்டுல விசேஷமா?" என்றார். ஆமாம் என்றேன். மிச்சம் பிடிக்க இரண்டாம் முறை கருப்பட்டிக் கரைசல் வைத்தேன். அது புளித்துப்போனது.

ஒரு சனிக்கிழமை காலை பெட்டி அமைதியாக இருந்தது. தட்டினேன். 'உஸ்ஸ்' வரவில்லை. மூடியைத் திறந்தால் அடையெல்லாம் அழுக்குப் பஞ்சுபோல நூல் பின்னி, அதற்குள் வெள்ளைப் புழுக்கள் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தன. மெழுகு அந்து. என் கொப்பியில் கோடாகக் கிடந்த அதே பாடம். குசினிப் பக்கத்திலிருந்து அண்டை வீட்டுச் சிங்கள அக்கா எட்டிப் பார்த்து "மீ மெஸ்ஸோ கிஹில்லா" என்றார். தேனீக்கள் போய்விட்டன. அவர்கள் மொழியில் மெஸ்ஸா என்றாலும் நம் மொழியில் ஈ என்றாலும் இரண்டும் ஈதான். தேனுக்குப் பக்கத்தில் பிறந்ததால் மட்டும் ஒரு மரியாதை.

பெட்டி விற்றவர் வந்து பார்த்தார். நம் நாட்டுத் தேனீ கோபக்காரப் பிள்ளை மாதிரி, எறும்பு, பசி, சூடு, புழு, எது கூடினாலும் வீட்டை விட்டுப் போய்விடும் என்றார். அடைகளைப் புரட்டினார். பிறகு அண்ணாந்து கேட்டார். "இந்த பல்ப் ராத்திரி முழுக்க எரியுமா சேர்?" நான் பதில் சொல்லவில்லை. மின்சாரக் கட்டணப் பத்திரம் அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

உண்ணியைப் பற்றிய கண்டுபிடிப்பு ஈயைப் பற்றியது. என் தேனீ அந்துக்குத் தோற்றதும் தூக்கம் கெட்டதாலா, பசியாலா, தேரையாலா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நானாக இழுத்துப் போட்டுக்கொள்கிற பழி இது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேறு ஆளும் இல்லை.

பசறையில் இருக்கிற பெரியப்பாவிடம் போய் இதைச் சொன்னேன். தோட்டத்தில் கண்டாக்கையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ டீல்ட்ரின் அடிச்ச கூட்டம்டா" என்றார். அவருடைய அப்பா காலத்துக் கதை அது. தேயிலையில் இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருந்து தின்கிற புழு பெரிய தொல்லையாக இருந்திருக்கிறது. 1935-36இல் ஜாவாவிலிருந்து மெக்ரோசென்ட்ரஸ் என்ற சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்று முடிக்கும். ஒட்டுண்ணிதான், ஆனால் நம் கட்சி. சம்பளம் இல்லாத அந்தக் காவல்காரன் இருபது வருடம் சத்தமில்லாமல் தேயிலையைக் காத்தது. பிறகு 1950களில், கிளையைத் துளைக்கிற வேறொரு வண்டை ஒழிக்கிறோம் என்று டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். வண்டோடு குளவியும் போயிற்று. இலைச் சுருட்டுப் புழு ஆட்டம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

"காவலுக்குக் காவல் போட்டா இப்படித்தான்" என்று பெரியப்பா வெற்றிலையை மடித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு முடிக்கப் பார்த்தேன், மனம் விடவில்லை. என் வகுப்பில் கடைசி வாங்கில் தூங்குகிற பையன் என்று முதலில் சொன்னேனே, அப்படி ஒருவன் உண்மையிலேயே இருக்கிறான். முதல் பாடத்திலேயே தலை சாய்ந்துவிடும். நான் சோக்குக் கட்டியால் குறி பார்த்து எறிவேன். என் குறி நல்ல குறி, வகுப்பு சிரிக்கும். தேனீ போன கிழமையில் ஒரு நாள், ஏன்டா ராத்திரி தூங்கவில்லையா என்று முதன்முறையாகக் கேட்டேன். சோளச் சேனையில் அப்பாவோடு பரணில் யானைக் காவலாம். யானை வந்தால் வெடி போட வேண்டும், வராவிட்டால் விடியும்வரை வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் காவல் காத்தது ஒரு குடும்பத்தின் வருடச் சோற்றை. நான் காவல் காத்தது ஒரு பல்பை. இப்போது முதல் பாடத்தில் அவனை விட்டுவிடுகிறேன். சோக்கு மிச்சம்.

போன மாதம் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால், நான் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே மூலையில், கவிழ்த்துப் போட்டிருந்த பழைய மண்முட்டிக்குள் ஒரு கூட்டம் தானாக வந்து இறங்கியிருக்கிறது. ஓடிப்போனவைதானா, புதியவையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அங்கே லைட் இல்லை. நான் பகலில் மட்டும், பத்தடி தள்ளி நின்று பார்க்கிறேன். மனைவி போட்ட சட்டம்.

நேற்றிரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. காற்று பலமாக இருந்தது. முட்டி உருண்டிருக்குமோ? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன? பாயிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து, மேசை லாச்சியைத் திறந்து டோர்ச்சை எடுத்தேன். கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு சுவிட்சை அமுக்கினேன். எரியவில்லை. மறுபடி அமுக்கினேன்.

இருட்டுக்குள்ளிருந்து தூக்கக் குரல் வந்தது. "பெட்டரி எந் தலவாணிக்கடியில இருக்கு. வந்து படுங்க."